அஞ்சாம் கியர்

உக்காருங்க தம்பி, எடம் இருக்குது. ஒண்ணும் பண்ண மாட்டான். இவனைப் பாத்ததும் எல்லாரும் சித்த யோசிச்சுட்டு அக்கட்டால போய் நின்னுக்கறாங்க. நீங்க உக்காருங்க. என் பையன்தானுங்க, பேரு தீபன். முப்பது தாண்டியாச்சு, மனசுக்கு மட்டும் நாலஞ்சு வயசுதான். பொறந்ததுல இருந்தே அப்படி. பேச்சும் வராது, ஒண்ணு ரெண்டு வார்த்தை சொல்லுவான். பசங்கன்னா சன்னலோரத்துக்குச் சண்டை போடுவாங்க, இவன் போக மாட்டேங்கறான். அதுதான் நான் சன்னலோரம் வந்துட்டேன்.

தாராபுரமுங்களா? பொண்ணு பாக்கப் போறாப்பல சட்டையெல்லாம் தேச்சுப் போட்டிருக்கீங்க. சும்மா சொன்னேன், கோவிச்சுக்காதீங்க. நாங்க அதுக்கு முன்னாலயே, குண்டடம் தாண்டி எறங்கிருவோம். அங்க ஒரு இல்லம் இருக்குதுங்க, இவனை மாதிரி ஆளுகளைப் பாத்துக்கற எடம். இவனை அங்க விடத்தான் போறேன். ஆமாங்க, தங்கறதுக்குத்தான். இனிமே அங்கதான். மேல இருக்குது பாருங்க ஊதாப் பை, அது இவன் துணிமணி. சத்தமாவே பேசலாம், நாம பேசறது இவனுக்கு வெளங்காது.

ஏனுங்க அப்படிப் பாக்கறீங்க? பெத்த பையனைக் கொண்டு போய் விடறானே, இவன் என்ன மனுசன்னு நெனைக்கறீங்களா? நானும் ராத்திரியெல்லாம் தூங்கலைங்க. ஆனா வேற வழி இல்லை. எப்படி இந்த நெலமைக்கு வந்துச்சுன்னு கேட்டீங்கன்னா சிரிப்பீங்க. எங்கிட்ட ஒரு பழைய காரு இருக்குது. அதுக்கு நான் கியர் பாக்ஸ் மாத்தினேன். அதனாலதான் எல்லாம்னு வூட்டுல சொல்றாங்க. அதுக்கும் இதுக்கும் என்னங்க சம்பந்தம்? நீங்களே கேட்டுட்டுச் சொல்லுங்க.

பத்மினி வண்டிங்க. கிரீம் கலரு. இவன் பொறக்கறதுக்கு முன்னாலயே வாங்கினது. இவனை ஆஸ்பத்திரியில இருந்து வூட்டுக்குக் கூட்டியாந்ததும் அதுலதான். நான் ஒரு மில்லுல மெயின்டனன்ஸ்ல இருந்தவன், மாஸ்டர் மாஸ்டர்னுதான் எல்லாரும் கூப்பிடுவாங்க. ஒரு மெஷின் ஓடற சத்தத்தைக் கேட்டாப் போதும், எந்த பேரிங் தேஞ்சிருக்குது, எங்க எண்ணெய் பத்தலைன்னு சொல்லிருவேன். பெருமைக்குச் சொல்லலை, பொழப்பு அது. மெஷின் விசயத்துல எங்கிட்ட யாரும் வாய் குடுக்க மாட்டாங்க.

உங்க வயசுக்கு அந்த வண்டி தெரியாது. இப்ப வர்ற காரு மாதிரி முன்னால ரெண்டு தனி சீட்டு இல்லீங்க, ஒரே நீட்டு சீட்டு, மூணு பேரு உக்காரலாம். கியரு தரையில இல்லை. ஸ்டியரிங்குக்குப் பக்கத்துலயே, எடது கைப்பக்கமா ஒரு குச்சி நீட்டிட்டு இருக்கும். கை கியர்னு சொல்லுவோம். அதனால தரை சும்மாக் கெடக்கும், நடுவுல உக்கார்றவங்க காலை வச்சுக்கலாம்.

அந்த நடு எடம் இவனுது. வலது பக்கம் ஓட்டறது நானு, எடது பக்கம் இவங்கம்மா, நடுவுல இவன். கைக்குழந்தையில இருந்து அப்படியே பழகீட்டான். ஆளு வளந்துட்டான், தோளு அகண்டு போச்சு, நாங்க ரெண்டு பேரும் ஆளுக்கொரு கதவுல ஒட்டிக்கிட்டு உக்காந்திருப்போம், அப்பவும் இவன் அங்கதான். நான் கியர் குச்சியைப் பிடிச்சா எங்கை மேல கையை வச்சுக்குவான். நான் போடற கியரை ஒட்டுக்கா அவனும் போடுவான். நாலாவது விழுந்ததும் 'டாப்பு'ன்னு சொல்லுவான். டாப் கியர்ங்கறதுதானுங்க, எப்பவோ எங்கிட்டக் கேட்டுப் பிடிச்சுக்கிட்டான். அவனுக்கு வர்ற வார்த்தையே கொஞ்சம், அதுல அது ஒண்ணு. அப்பா, அம்மா, சோறு, டாப்பு.

இப்பக்கூடப் பாருங்க, டிரைவர் கியர் மாத்தறப்ப எங்கையை அமுக்கறான். ஒண்ணுமில்லீங்க, அது பழக்கம்.

கை கியர்ல ஒரு தொந்தரவு உண்டு. குச்சிக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவுல கம்பி போகும். கம்பி முனையில புஷ்ஷுன்னு ஒரு சின்ன வளையம் இருக்கும். அது தேஞ்சு போச்சுன்னா கியரு ரிவர்ஸுக்கும் ஃபர்ஸ்ட்டுக்கும் நடுவுல போய்ச் சிக்கிக்கும். முன்னயும் வராது, பின்னயும் போகாது. எறங்கி பானெட்டைத் தொறந்து கம்பியைக் கையால தட்டி விடோணும். நான் புது புஷ்ஷு போட்டுப் பாத்தேன், நானே கடைஞ்சும் போட்டேன். கொஞ்ச நாளைக்கு ஓடும், மறுபடியும் சிக்கும்.

கோயமுத்தூர்ல பழைய வண்டி வச்சிருக்கற ஆளுக நாங்க கொஞ்சப் பேரு ஞாயித்துக்கெழமையானா வண்டிகளை வரிசையா ஓட்டிட்டு ரேஸ்கோர்ஸ் வரைக்கும் போவோம். டீ குடிப்போம், பானெட்டைத் தொறந்து வச்சுப் பேசுவோம், அவ்வளவுதான். கனகசபைன்னு ஒருத்தரு, ஜவுளிக்கடைக்காரரு, பழைய ஹெரால்டு காரு வச்சிருக்காரு. காசு இருக்குது, என்னென்னமோ மாத்தி வச்சிருக்காரு. ஒரு ஞாயித்துக்கெழமை கோயமுத்தூருக்குள்ளயே இருக்கற ராமநாதபுரம் சிக்னல்ல எனக்கு கியர் சிக்கிக்கிச்சு. பின்னால அத்தனை வண்டியும் ஆரன் அடிக்குது. எறங்கி பானெட்டைத் தூக்கிட்டு நிக்கறேன். அந்தாளு பக்கத்துல வந்து கண்ணாடியை எறக்கி, "என்னங்க மாஸ்டர், அத்தனை பெரிய மில்லை ஓட்டுனவரு, ஒரு கியரை ஓட்ட முடியலீங்களா"ன்னு கேட்டாரு. அவரு வண்டியில இருந்தவங்க எல்லாம் சிரிச்சாங்க. சரி, கேலி பண்றவங்க பண்ணட்டும். இவன் உள்ள உக்காந்துக்கிட்டுக் கை தட்டிச் சிரிச்சானுங்க. பானெட்டைத் தொறந்தா அவனுக்கு எப்பவும் சந்தோசம், நான் உள்ள ஏதோ வேடிக்கை காட்டறேன்னு நெனச்சுக்குவான். அன்னைக்கு அந்தச் சிரிப்புத்தான் எனக்குச் சுருக்குன்னு போச்சு.

அன்னைக்கே முடிவு பண்ணீட்டேன். சுந்தராபுரத்துல அருள்நாதன்னு ஒரு மெக்கானிக், இந்த மாதிரி வேலையெல்லாம் எடுத்துச் செய்வான். வேற வண்டியோட அஞ்சு கியர் பாக்ஸு ஒண்ணு, நல்ல பாக்ஸு, தரை கியரு, எங்கயோ தேடிப் பிடிச்சுக் கொண்டாந்தான். அப்படியே போய் உக்காந்துராதுங்க. இன்ஜினுக்கும் பாக்ஸுக்கும் நடுவுல ஒரு தகடு கடைஞ்சு போடோணும். பின்சக்கரத்துக்குப் போற ஷாஃப்ட்டை வெட்டிக் குட்டை பண்ணோணும். தரையை வெட்டி, மேடு தூக்கி, வெல்டு வைக்கோணும். தகட்டுக்கு நானே படம் போட்டுக் குடுத்தேன். முதல் தகடு சேரலை, மயிரிழைதான் வித்தியாசம், ஆனாலும் ஷாஃப்ட்டு ஒதறுச்சு. மறுபடியும் கடைஞ்சோம். காலையில சாப்பிட்டுட்டுப் போனா பொழுது சாஞ்சுதான் வூட்டுக்கு வருவேன். ரிட்டையர் ஆனதுக்கப்பறம் அத்தனை சந்தோசமா நான் இருந்ததே இல்லீங்க.

அருள்நாதன் ஒண்ணு சொன்னான், இல்லைன்னு சொல்லக் கூடாது. "மாஸ்டர், குச்சியை வளைச்சு முன்னால கொண்டாந்து உட்டுட்டா நீட்டு சீட்டையே வச்சுக்கலாம். பாக்கத்தான் ஒரு மாதிரி இருக்கும்"னான். லாரியில இருக்கற மாதிரியா? வேண்டாமுன்னுட்டேன். ஒரு வேலையைப் பண்ணினா முறையாப் பண்ணோணும். தனித்தனியா ரெண்டு சீட்டு வாங்கிக் கருப்பு ரெக்சின் போட்டு, நடுவுல குச்சி நேரா நிக்கற மாதிரி வச்சோம். அடடா, அது இருந்த அழகு. கனகசபை வந்து பாத்தா வாயைத் தொறக்க முடியாது.

வண்டி அருள்நாதன் ஒர்க்‌ஷாப் செட்டுல கெடக்கறப்ப ஒரு நாள் சோறு போட்டுக்கிட்டே வூட்டுல கேட்டா. ரங்கநாயகின்னு பேரு, இவங்கம்மா. "ஏனுங்க, தனித்தனி சீட்டுன்னா பையன் எங்கீங்க உக்காருவான்?" நான் சொன்னேன், பின்னால முழு சீட்டும் அவனுக்குத்தான், ராசா மாதிரிக் காலை நீட்டிட்டு வரட்டும்னு. அதுக்கு மேல அவ ஒண்ணும் கேக்கலை. ரசத்தை ஊத்திட்டு உள்ள போயிட்டா. கேக்கலைன்னா சரின்னுதானுங்களே அர்த்தம்? வேண்டாமுன்னா அன்னைக்கே ஒரு வார்த்தை வேண்டாமுன்னு சொல்லியிருக்கலாம். சொல்லாம இருந்துட்டு இப்ப மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டா நான் என்ன பண்றது.

வண்டி வந்துச்சு. சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வச்சு, சூடம் காட்டி, பேரூர் கோயிலுக்குப் போலாம்னு கெளம்பினோம். இவனுக்கு வண்டி வந்ததுல குதியாட்டம். கதவைத் தொறந்துக்கிட்டு நேரா நடுவுல போய் உக்காரப் பாக்கறான். அங்க குச்சியும் கைபிரேக்கும்தான இருக்குது. அது மேலயே உக்கார்றான். டேய் கண்ணு, பின்னால போடா, பின்னால எத்தனை பெருசு பாருன்னு தூக்கி எறக்கி உட்டேன். மறுபடியும் வந்து அங்கயே நிக்கறான். எங்களை மாத்தி மாத்திப் பாக்கறான். கடைசியில இவங்கம்மா அவனோட பின்னால போய் உக்காந்தா. முன்னால நான் ஒருத்தன்தான். சரி, போகட்டும்னு ஓட்டினேன்.

வண்டி ஓடின ஓட்டம் இருக்குதே தம்பி. பைபாஸ்ல ஏறி அஞ்சாவது போட்டேன். இன்ஜின் சத்தமே காணோம். பழைய நாலு கியர்ல அந்த வேகத்துக்கு இன்ஜின் கதறும், இதுல நம்ம பேச்சு நமக்குக் கேக்குது. நான் சொல்றேன், "பாத்தியா ரங்கநாயகி"ன்னு. அப்பப் பாத்து இவன் ரெண்டு சீட்டுக்கும் நடுவுல தலையை உட்டு, கையை நீட்டி, எங்கை மேல வச்சு இழுத்துட்டான். கியரு கரகரன்னு கத்திக்கிட்டு வெளிய வந்துருச்சு. வண்டி ஒரு பக்கமா இழுத்துக்கிட்டுப் போகுது, எதுக்க ஒரு பஸ்ஸு வருது. சாமி புண்ணியத்துல தப்பிச்சோம். ஓரம் கட்டி நிறுத்தீட்டு அவன் கையில ஒண்ணு போட்டேன். உயிரு போயிருக்கும், அடிக்காம என்ன பண்றதுங்க? அது வரைக்கும் நான் அவனை அடிச்சதில்லை. அழவும் இல்லை அவன். கையைத் திருப்பித் திருப்பிப் பாத்துக்கிட்டு இருந்தான்.

அதுக்கப்பறம் பின் சீட்டுல ஒரு பெல்ட்டு வச்சேன். பாதுகாப்புக்குத்தானுங்க. கையை நீட்ட முடியாதபடிக்கு சித்த இறுக்கமாத்தான் வச்சேன். ஒரு தடவை போட்டு உக்கார வச்சேன், வூடு வந்து சேர்ற வரைக்கும் கத்தினான். அப்பறம் வண்டியில ஏறவே மாட்டேன்னுட்டான். காரைப் பாத்தாப் போதும், வாசல் கேட்டுக் கம்பியைப் பிடிச்சுக்குவான். ரெண்டு கையாலயும் பிடிச்சான்னா பிரிக்க முடியாது, பலம் அப்படி. மாசாமாசம் டாக்டர்கிட்டப் போறது நின்னு போச்சு, கோயில் நின்னு போச்சு. ஞாயித்துக்கெழமை ரேஸ்கோர்ஸுக்கு நான் மட்டும்தான் போவேன். கனகசபை வண்டியைச் சுத்திச் சுத்திப் பாத்தாரு, பிரமாதமுங்க மாஸ்டர்னாரு. அது கெடக்கட்டும். பையன் வரலீங்களான்னு ஒருத்தரு கேட்டாரு, ஒடம்பு சரியில்லைன்னு சொல்லிட்டேன்.

நீங்க கடலை சாப்பிடறீங்களா? அவனுக்கும் குடுங்க, வாங்கிக்குவான். பாருங்க, வாங்கி உங்க கையிலயே பாதியைத் திருப்பி வைக்கறான். அவங்கம்மாவுக்கு அப்படித்தான் குடுப்பான். பஸ்ல எப்படிச் சமத்தா வர்றான் பாத்தீங்களா? பல்லடத்துல நீங்க ஏறுன வரைக்கும் சித்த மொணமொணன்னு இருந்தான், இப்ப அதுவும் இல்லை. இதுதான் எனக்குப் புரியவே மாட்டேங்குது. ஓட்டை பஸ்ல உக்காந்து வர்றான், சொந்தக் காருல ஏற மாட்டேங்கறான்.

பழைய நீட்டு சீட்டு செட்டுல கெடந்துச்சு. நான் அதைத் தூக்கிப் போடச் சொல்லிட்டேன். ரங்கநாயகி எனக்குத் தெரியாம அருள்நாதனுக்குப் போன் பண்ணி, டெம்போவுல போட்டு வூட்டுக்குக் கொண்டாரச் சொல்லியிருக்கா. முன்வாசல்ல, போர்ட்டிகோவுல போட்டா. அவ்வளவுதான், இவன் குடித்தனமே அதுல ஆயிப் போச்சு. காலையில எந்திரிச்சதும் போய் அதுல நடுவுல உக்காந்துக்குவான். சமையல் முடிஞ்சதும் அவ போய் எடது பக்கம் உக்காந்துக்குவா. கீரை ஆயறது, வெங்காயம் உரிக்கறது எல்லாம் அங்கதான். வலது பக்கம் சும்மாக் கெடக்கும். ஒரு நாள் நான் கேட்டேன், இந்தப் பக்கம் பேப்பராவது வச்சுக்கலாமில்ல, ஏன் காலியா வச்சிருக்கீங்கன்னு. அவ என்னைப் பாத்தா. அப்பறம் குனிஞ்சு கீரையை ஆய ஆரம்பிச்சுட்டா.

நானும் ஒரு நாள் போய் உக்காந்தேனுங்க. உக்காந்ததும் இவனுக்கு மூஞ்சி அப்படி மலந்துருச்சு. எங்கையை எடுத்துக் காத்துல தூக்கி வச்சுக்கிட்டான், குச்சி இருக்கற எடத்துல. அது மேல அவன் கையை வச்சு, கீழ இழுக்கறான், மேல தள்ளறான். அப்பறம் 'டாப்பு'ன்னான். எத்தனையோ நாள் கழிச்சு அந்த வார்த்தை அவன் வாயில இருந்து வருது. ரங்கநாயகி கண்ணைத் தொடச்சுக்கறா. எனக்குத்தான் ஒரு மாதிரி ஆயிப் போச்சு. தெருவுல போறவங்க பாக்கறாங்க. அஞ்சு கியர் போட்ட வண்டி வாசல்ல நிக்குது, அதை ஓட்டாம நான் இங்க உக்காந்து காத்துல கியர் போட்டுட்டு இருக்கறதா? எந்திரிச்சு உள்ள வந்துட்டேன். அவன் கொஞ்ச நேரம் கையைத் தூக்கின மேனிக்கே வச்சிருந்தான்.

வூட்டுக்கு வர்றவங்கெல்லாம் கேக்க ஆரம்பிச்சுட்டாங்க. என்னங்க இது, வாசல்ல காரு சீட்டு, அதுல இத்தனை பெரிய ஆளை உக்கார வச்சிருக்கீங்கன்னு. மழை பட்டு, பஞ்சு நாத்தம் வேற. எத்தனை நாளைக்குங்க பொறுத்துக்கறது? பழைய இரும்பு எடுக்கறவன் ஒருத்தன் வந்தான். இவங்க ரெண்டு பேரும் பின்னால கெணத்தடியில, அவ இவனுக்குத் தண்ணி ஊத்திட்டு இருந்தா. தூக்கிட்டுப் போயிருன்னுட்டேன். கண்ணுல படாம இருந்தா ரெண்டு நாள்ல மறந்துருவான், குழந்தைதானன்னு நெனச்சேன். நல்லதுக்குத்தானுங்க பண்ணினேன்.

மறக்கலீங்க. தலை ஈரத்தோட வந்தான். சீட்டு இருந்த எடத்துல வெறும் தரை. அந்தத் தரையில படுத்துக்கிட்டான். சோத்துக்கு எந்திரிக்கலை, ஒண்ணுக்கும் எந்திரிக்கலை. நான் ரெண்டாம் நாளே போய்த் தேடினேன் தம்பி, கல்நெஞ்சுக்காரன்னு நெனச்சுக்காதீங்க. உக்கடத்துல கடை கடையா ஏறி எறங்கினேன். ரெக்சினைக் கிழிச்சு, ஸ்பிரிங்கைத் தனியா, சட்டத்தைத் தனியாப் போட்டுட்டாங்க. வேற ஒரு கட்டில் வாங்கிப் போட்டேன் அந்த எடத்துல. அதைக் காலால தள்ளி உட்டுட்டான். அப்பறம்தான் இந்தக் கத்தறது, செவுத்துல தலையை முட்டறது எல்லாம். அவங்கம்மா எழுப்பப் போனா, ஒரு தள்ளு தள்ளினான். விழுந்ததுல அவளுக்கு மணிக்கட்டு போச்சு, மாவுக்கட்டு போட்டிருக்குது. அவ வயசு அறுவதை எட்டப் போகுது. எனக்கு அதுக்கும் மேல. நாளைக்கு எங்க ரெண்டு பேருல ஒருத்தர் விழுந்தா இவனை யாரு தூக்கறது?

டாக்டரு மாத்திரையை மாத்திப் பாத்தாரு. வயசு ஏற ஏற இப்படி ஆகுமான்னு கேட்டேன், சில பேருக்கு ஆகலாமுன்னாரு. அதுதான் விசயம். வயசுதான். ரங்கநாயகி அங்கயே, டாக்டர் முன்னாலயே சொல்றா, "வயசு இல்லீங்க, இவரு அவன் எடத்தை வெட்டிப் போட்டுட்டாரு"ன்னு. டாக்டருக்கு ஒண்ணும் வெளங்கலை. எனக்கு மானமே போச்சு.

என்ன சொன்னீங்க? திருப்பிப் பழைய மாதிரி மாத்தலாமேன்னா? ... அதைத்தான் அருள்நாதனும் சொன்னான். பழைய பாக்ஸு செட்டுல மூலையில கெடக்குதாம். வேற பத்மினியில இருந்து நீட்டு சீட்டு ஒண்ணு கழட்டிட்டு வந்துரலாமாம், தரையை மூடி வெல்டு வச்சுரலாமாம், ஒரு வாரத்து வேலை மாஸ்டர்ங்கறான். கேளுங்க தம்பி, நீங்க படிச்சவரு. நல்லா ஓடற அஞ்சு கியரைக் கழட்டிப் போட்டுட்டு, தேஞ்சு போன நாலு கியரை யாராவது மாட்டுவாங்களா? ஊரு சிரிக்காது? அப்படியே மாட்டினாலும் இவன் சரியாயிருவான்னு என்ன நிச்சயம்? ஒரு சீட்டுக்காக ஒரு மனுசன் இந்த நெலமைக்குப் போவானா? நீங்க போவீங்களா? நான் போவனா?

சரி, உடுங்க.

இல்லத்துல நல்லாத்தான் பாத்துக்கறாங்க. போய்ப் பாத்துட்டுத்தான் வந்தேன். சுத்தமா இருக்குது. வேப்பமரம் இருக்குது, மாடு இருக்குது. ஆளுக்கொரு கட்டிலு, ஒண்ணுக்கும் அடுத்ததுக்கும் நல்ல எடவெளி. மாசம் ஒரு தடவை வந்து பாக்கலாம். ரங்கநாயகிதான் வர மாட்டேன்னுட்டா. நேத்து சாயங்காலம் பையில இவன் துணியை அடுக்கினா, ஒத்தைக் கையிலயே. அடுக்கி முடிச்சுட்டுச் சொன்னா, "நீங்களே கூட்டிட்டுப் போங்க. அந்த அஞ்சு கியர் வண்டியிலயே கூட்டிட்டுப் போங்க பாக்கலாம்"னு. முப்பத்தஞ்சு வருசத்துல அவ எங்கிட்ட இப்படிப் பேசினதில்லீங்க. அப்பறம் இவன் பக்கத்துல தரையில படுத்துக்கிட்டா. நான் மட்டும்தான் கட்டில்ல.

காருல ஏறலை. நான் நெனச்சதுதான். காலையில வண்டியைக் கெளப்பின சத்தத்துக்கே கேட்டைப் பிடிச்சுக்கிட்டான். நிறுத்திட்டேன்.

எப்படி பஸ்ஸுக்கு வந்தான்னு கேக்கறீங்களா? ... அது ஒண்ணுமில்லீங்க. பக்கத்துல போய் உக்காந்து சொன்னேன். "கண்ணு, நம்ம பழைய சீட்டு ஒரு ஊருல இருக்குதாமா. நீயும் நானும் போய் எடுத்துட்டு வந்து வண்டியில மாட்டிரலாம், வா"ன்னேன். அவ்வளவுதான். உடனே கேட்டை உட்டுட்டான். எத்தனை நாளா நாங்க ரெண்டு பேரும் மல்லுக்கட்டியும் உடாத கை. அவனே செருப்பைத் தேடிப் போட்டுக்கிட்டான், எடது வலது மாத்திப் போட்டிருக்கான் பாருங்க. எங்கையைப் பிடிச்சுக்கிட்டு எனக்கு முன்னால பஸ் ஸ்டாப்புக்கு நடக்கறான். அவங்கம்மா உள்ள இருந்து கேட்டுட்டுத்தான் இருந்தா. வெளிய வரலை.

வெளங்காதுன்னு சொன்னீங்களேன்னா... வெளங்காதுதானுங்க. இந்த மாதிரிச் சின்னச் சின்ன பேச்சு வெளங்கும். வேற என்ன சொல்லிக் கூட்டிட்டு வர்றது? நீங்களா இருந்தா என்ன சொல்லியிருப்பீங்க? அங்க போனதும் நாலு பேரோட சேந்துக்குவான், மறந்துருவான். மறந்துருவானில்லீங்க?

குண்டடம் போயிருச்சா? பேசிட்டே கவனிக்கலை. அடுத்ததுதான் எங்க ஸ்டாப்பு. கண்டக்டர், எறங்கோணுமுங்க. தம்பி, அந்தப் பையைச் சித்த எடுத்துக் குடுங்க. வேண்டாம், உடுங்க, அவனே எடுத்துட்டான்.

சித்த காலை ஒதுக்கிக்குங்க. மெதுவா, கண்ணு, மெதுவா, பஸ் நிக்கட்டும். அப்பாவுக்கு முட்டி வலிக்குதில்ல, இழுக்காத. வர்றேன். என்னடா? ஆமா சாமி, இங்கதான். உள்ளதான் வச்சிருக்காங்க. நட.